மின்சாதனக் கடை போடுகிறவர் முதலில் மெக்கானிக்கைப் பிடிக்க வேண்டும்

கனடாவில் இருந்து அண்ணன் காசு அனுப்பத் தயார் என்கிறவர்கள், இருக்கிற வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்வோம் என்கிறவர்கள் என்று மாதத்தில் ஒருவராவது என் கடைக்கு வந்து, ஒரு ஃபேனைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, கடைசியில் கேட்கிற கேள்வி இது: "அண்ணை, பிறிட்ஜ், வோஷிங் மெஷின் கடை போட எவ்வளவு முதல் வேணும்?" நான் திருப்பிக் கேட்பது, "மெக்கானிக் ஆர்?" அநேகமானவர்களிடம் பதில் இருக்காது. கடைக்குப் பெயர், போர்டுக்கு என்ன நிறம் என்பது வரை முடிவாகியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருப்பவன், பெரிய ஷோரூம் நடத்திய அனுபவம் இல்லை. சின்ன முதலோடு வருகிறவருக்கு உதவுகிற மாதிரித்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை: ஆள்

அரிசி விற்றால் அன்றோடு முடிந்தது. பிறிட்ஜ் விற்றால் வாரண்டி முடியும்வரை அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள்தான் பிறிட்ஜ். கம்பனிக்கு சேவிஸ் சென்டர் இருக்கிறது, அட்டையில் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது, ஆனால் எங்கள் ஊர் அம்மா அந்த இலக்கத்துக்கு எடுத்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நிற்க மாட்டா. உங்களுக்குத்தான் எடுப்பா. "தம்பி, மீனெல்லாம் இளகிப் போச்சு" என்பா. கம்பனி ஆள் நாலு நாள் கழித்து வருவார். அந்த நாலு நாளில் உங்கள் பெயர் அந்த ஒழுங்கை முழுக்கப் போய்விடும்.

ஆகவே பிறிட்ஜும் வோஷிங் மெஷினும் தெரிந்த ஒருவரைக் கடை பிடிக்கமுன்பே பேசி வையுங்கள். சம்பளத்துக்கு முழுநேர ஆள் தொடக்கத்தில் கட்டுப்படியாகாது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க இவ்வளவு, பூட்டிக்கொடுக்க இவ்வளவு என்று தடவைக்குக் காசு பேசினால் போதும். அவர் நல்லவரா என்று அறிய ஒரு கேள்வி போதும்: புதுப் பிறிட்ஜ்களில் வருகிற ஆர்600ஏ வாயு உள்ளதை எப்படித் திருத்துவீர்கள் என்று கேளுங்கள். அது தீப்பற்றக்கூடிய வாயு. வாயு முழுவதும் வெளியேறமுன் குழாயில் ஊதுவிளக்கைப் பிடிக்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பிராண்டின் எந்தப் பாகம் ஊரில் அடிக்கடி பழுதாகிறது, எதற்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் கொழும்புக்கு அலைய வேண்டும் என்பது விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார். மெக்கானிக் ஒரு பிளேன்ரீயோடு சொல்லிவிடுவார். என் முதல் சரக்குப் பட்டியலை ஒரு மெக்கானிக்தான் பேனாவால் வெட்டித் தந்தார், பாதியை.

இடம்

யாழ் நகரத்துக்குள் கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம் போகாதீர்கள். அங்கே கம்பனிகளின் சொந்தக் காட்சியறைகளே இருக்கின்றன. அவர்கள் தரும் தவணைத் திட்டத்தையும் ஏசிக் குளிரையும் உங்களால் தர முடியாது, வாடகையும் முற்பணமும் உங்கள் முதலில் பாதியை விழுங்கிவிடும். சுன்னாகம், மானிப்பாய், சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் மாதிரிச் சந்தை கூடுகிற இடங்கள், அல்லது ஒரு பெரிய சந்தியில் இருந்து நூறு மீற்றர் தள்ளின இடம் போதும். இந்தப் பொருளை நடந்து போகிறபோது ஆசைப்பட்டு வாங்குகிறவர் குறைவு, தேடித்தான் வருவார்கள்.

கடை பார்க்கப் போனால் மூன்று விஷயம் பாருங்கள். லொறி வாசலில் நின்று இறக்க முடியுமா. வீதி மட்டத்தைவிடக் கடைத் தரை எவ்வளவு உயரம், ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு இரவில் தண்ணீர் உள்ளே வந்தால் அடித்தட்டில் இருக்கிற பெட்டி எல்லாம் போச்சு (நான் எல்லாவற்றையும் ஒரு அடி உயரப் பலகைத் தட்டில்தான் அடுக்குகிறேன்). மூன்றாவது, கடையின் வயரிங்கும் ஏர்த்தும். ஏர்த் சரியில்லாத கடையில் வாடிக்கையாளர் பிறிட்ஜ் கதவில் கைவைத்து ஒரு சின்ன அடி வாங்கினால், அந்தப் பிராண்டே சரியில்லை என்று போய்விடுவார்.

பதிவு, வரி

இதில் பயப்பட ஒன்றுமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாளாகவோ கூட்டாகவோ நடத்துவதென்றால் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். கம்பனியாகப் பதிவதென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள பதிவாளர் திணைக்களம், இணையத்தில் செய்யலாம், சின்னக் கடைக்குத் தேவையில்லை. உங்கள் இடம் மாநகர சபையா, நகர சபையா, பிரதேச சபையா என்று பார்த்து வருடாந்த வியாபார உரிமம் எடுங்கள், பெயர்ப் பலகைக்கும் அங்கேயே கேளுங்கள். இறைவரித் திணைக்களத்தில் ரின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்) எடுங்கள், அது இல்லாமல் இப்போது வங்கி நடைமுறைக் கணக்குத் திறப்பதே பாடு.

வற் (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். அதே மாதம் பதிவுக்கான எல்லையை ஆண்டு விற்றுமுதல் 8 கோடியில் இருந்து 6 கோடிக்கு இறக்கினார்கள். இந்த எல்லை மாறிக்கொண்டிருப்பது, தொடங்குகிற நேரத்தில் என்ன என்று கேட்டே தொடங்குங்கள். பிறிட்ஜ் மாதிரிப் பொருளில் விற்றுமுதல் நினைப்பதைவிடக் கெதியாக ஏறும், லாபம் அப்படி ஏறாது. எல்லைக்குக் கீழே இருந்தால் நீங்கள் வாங்கும்போது கொடுக்கிற வற் உங்கள் அடக்கவிலைதான், திரும்பி வராது. ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், அதையும் சம்பளக் கணக்கில் சேர்த்து வையுங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்கிறவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கேட்காவிட்டாலும் கொடுங்கள், சாமானின் தொடர் இலக்கத்தை எழுதியே கொடுங்கள். அந்த இலக்கம் பின்னால் உங்களையே காப்பாற்றும்.

எந்தச் சாமான்

எல்லாருக்கும் முதல் ஆசை பிறிட்ஜ்தான். கடை நிறைந்த மாதிரித் தெரியும். கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஒன்றரை லட்சத்துக்கு எடுத்த பிறிட்ஜை 12,000 ரூபாய் லாபத்துக்கு விற்கிறீர்கள், அது விற்க நாலு மாதம் எடுத்தது என்று வையுங்கள். அதே கடையில் 8,000 ரூபாய்க்கு எடுத்த ஃபேனை 9,200க்கு மாதம் 12 விற்றால், 96,000 ரூபாய் முதல் ஒரே மாதத்தில் 14,400 தருகிறது. பிறிட்ஜ் நின்று இடத்தையும் அடைக்கும், மூலையில் நசுங்கியும் போகும். அதனால் தொடக்கத்தில் ஃபேன், ரைஸ் குக்கர், கேத்தில், அயன், பிளென்டர், மின்சாரத் தேங்காய் துருவி, காஸ் அடுப்பு நிறைய. பிறிட்ஜில் மூன்று மொடல், வோஷிங் மெஷினில் மூன்று. ரீவி நான் இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. அதன் விலை வருடா வருடம் இறங்குகிறது, தேங்கினால் நட்டம்.

இனி எங்கள் மண்ணுக்கு உரிய விஷயம். சரக்கு எடுக்கும்போது கொழும்பு ஆட்கள் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலை மூன்று மாதம் பாவித்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருக்கும். அந்தப் பொருக்குச் சூட்டை விடாது, சுருள் தானே கொதித்து எரியும். சுருள் மூடி, அடி தட்டையாக உள்ள கேத்தில்தான் இங்கே சரி, தேய்த்துக் கழுவலாம். விற்கும்போதே சொல்லிவிடுங்கள்: மாதத்தில் ஒருதரம் தேசிப்புளி விட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொஞ்ச நேரம் விட்டுக் கழுவுங்கோ என்று. சுடுதண்ணீரில் துவைக்கிற வோஷிங் மெஷினுக்கும், குளியலறை ஹீட்டருக்கும் அதே கதைதான்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. நான் சூடு கண்ட இடம் இது. இணுவிலில் ஒரு ரீச்சர் வீட்டுக்கு முன்பக்கம் கதவுள்ள ஓட்டோமற்றிக் மெஷின் கொடுத்தேன். நல்ல விலை, நல்ல லாபம், மகள் லண்டனில் இருந்து காசு போட்டவ. மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பி, மெஷினுக்குத் தண்ணி ஏறுதில்லை, சத்தம் போட்டிட்டு நிக்குது." கம்பனி ஆள் ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்துவிட்டு, மெஷினில் பிழையில்லை, தண்ணீர் அழுத்தம் காணாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாடியில்லாத வீடு, தொட்டி பன்னிரண்டு அடித் தூணில். பத்து மீற்றர் உயரத் தண்ணீருக்குத்தான் ஒரு பார் அழுத்தம் வரும். பன்னிரண்டு அடி என்றால் 0.4 பாரும் இல்லை. அந்த மெஷினின் கையேட்டில் குறைந்தது 0.5 பார் என்று போட்டிருந்தது, எட்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில். நான் வாசிக்கவில்லை. மெஷினைத் திருப்பி எடுத்து, துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரட்டைத் தொட்டியுள்ள மெஷின் ஒன்றைக் கொடுத்து, மிச்சக் காசைத் திருப்பிக் கொடுத்து, பெட்டி உடைத்த மெஷினை அடக்கவிலைக்கும் குறையத் தள்ளிவிட்டேன். அன்றில் இருந்து வோஷிங் மெஷின் கேட்டு வருகிறவரிடம் விலை சொல்லமுன் கேட்பது: வீட்டில் தொட்டி எத்தனை அடி உயரம்? தூண் 17 அடிக்குக் குறைவென்றால் மேலால் உடுப்புப் போடுகிற மெஷினைக் காட்டுங்கள், அல்லது சின்னப் பிறஷர் பம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலால் போடுகிறதிலும் கையேட்டைப் பாருங்கள்.

மூன்றாவது கரண்ட். 230 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் லைன் முடிகிற ஒழுங்கைகளில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு இறங்கும், கரண்ட் போய் வரும்போது துள்ளும். பிறிட்ஜோடு ஒரு பிறிட்ஜ் காட் சேர்த்து விற்பதை நான் கட்டாயமாக்கிவிட்டேன். கரண்ட் திரும்பி வந்து சில நிமிடம் பொறுத்துத்தான் அது பிறிட்ஜைப் போடும், கொம்பிரஸர் தப்பும். சித்திரை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் ரீவி, ரவுட்டர் எரிந்து வருகிறவர்களுக்கு வாரண்டி செல்லாது. இதையும் விற்கும்போதே வாயால் சொல்லுங்கள், எழுத்தில் இருப்பதை ஒருவரும் வாசிப்பதில்லை, நானே வாசிக்கவில்லை என்று மேலே சொன்னேனே.

இந்திய மிக்சி, கிரைண்டருக்கு இங்கே தனி மோகம் உண்டு. தோசை மாவுக்கும் மிளகாய்த்தூளுக்கும் அதுதான் என்று சனம் நம்புகிறது, நானும் நம்புகிறேன். ஆனால் இலங்கையில் முகவர் உள்ள பிராண்டையே எடுங்கள். பயணப் பையில் வந்த மிக்சிக்கு வாரண்டி கிடையாது, ஜாருக்கு அடி றப்பர் தேடியே உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பிளக்கும் உருண்டைக் கால். எங்கள் நியமம் 13 அம்பியர் சதுரக்கால் பிளக். அடப்டர் கொடுத்துச் சமாளிக்காமல் உங்கள் மெக்கானிக்கைக் கொண்டு நல்ல பிளக் பூட்டிக் கொடுங்கள், உள்ளே சரியான ஃபியூஸும் போடச் சொல்லுங்கள். மிக்சிக்கு 13 அம்பியர் ஃபியூஸ் போட்டால் வயர் எரிந்த பிறகுதான் ஃபியூஸ் எரியும்.

தீவுப் பக்கம் விற்கிறவர்களுக்கு ஒன்று: வேலணை, புங்குடுதீவு வரை வாகனம் போகும், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானில் படகு. உப்புக்காற்றுக்குத் தகரத்தில் கறள் ஏறுவதை நிறுத்த ஏலாது, பின்பக்கம் பிளாஸ்ரிக் மூடியுள்ள பிறிட்ஜைக் காட்டுங்கள். நெடுந்தீவுக்குக் கரண்ட் அங்கேயே உற்பத்தியாவது, பெரிய ஏசி விற்கமுன் அங்கே உள்ள ஒருவரிடம் விசாரியுங்கள்.

சரக்கும் காசோலையும்

விநியோகஸ்தர் கடனுக்குச் சரக்குத் தருவார், திகதி தள்ளிப்போட்ட காசோலைக்கு. புதிதாக வருகிறவர் விழுகிற குழி இதுதான். இப்படி யோசித்துப் பாருங்கள்: 20 லட்சத்துக்குச் சரக்கு எடுத்து 45 நாள் காசோலை கொடுத்தீர்கள். 45 நாளில் 12 லட்சத்துக்குத்தான் விற்றது. அதில் 5 லட்சம் தெரிந்த ஆட்களுக்குக் கடன். காசோலை நாளன்று கையில் 7 லட்சம். மிச்சத்துக்கு மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் எத்தனை கடை அப்படி மூடினது என்று நகைக்கடைத் தெருவில் கேட்டால் சொல்வார்கள். காசோலை ஒருமுறை திரும்பினால் அந்த விநியோகஸ்தர் மட்டுமில்லை, மற்றவர்களும் அடுத்த கிழமையே கையில் காசு கேட்பார்கள். ஆகவே முதல் ஆறு மாதம் பாதி காசுக்கும் பாதி காசோலைக்கும் எடுங்கள், அளவும் மாதம் விற்கிறதற்கு மேலே போகவேண்டாம்.

சின்னச் சாமானுக்குக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு நேரே போகலாம், விலை குறைவு. ஆனால் யார் வாரண்டி தருகிறார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஏ9 வீதியால் லொறியில் வருகிறபோது பெட்டி மூலைகள் அடிபடும். சாமான் இறக்கியதும் லொறிக்காரர் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள், நசுங்கல் இருந்தால் அவருடைய தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நாளைக்குப் பாப்பம்" என்றால் அந்த நசுங்கல் உங்களுடையது.

2022 நினைவிருக்கும். டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு இரண்டு மாதத்தில் ஏறியது. முற்பணம் வாங்கிவிட்டுச் சாமானைப் பிறகு எடுத்துத் தருவேன் என்று சொன்ன கடைக்காரர் பலர் சொந்தக் காசில் கொடுத்தார்கள், அல்லது சண்டை பிடித்தார்கள். கையில் இருக்கிற சாமானுக்கே முற்பணம் வாங்குங்கள். விலை எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு அந்த விலை என்பதையும் எழுதுங்கள்.

கடனும் வெளிநாட்டுக் காசும்

உள்ளூரில் தவணைக்குக் கொடுக்காமல் கடை நடத்த முடியுமா என்றால், முடியும், கொஞ்சம் மெதுவாக. நான் சொந்தமாகத் தவணை கொடுப்பதில்லை. வங்கி அட்டையில் மாதத் தவணை போடுகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் வட்டியில்லை என்று போர்டில் எழுதுகிற அந்தத் திட்டத்துக்கு வங்கி உங்களிடம் தரகு எடுக்கும். எத்தனை மாதத்துக்கு எத்தனை வீதம் என்று கேட்டுவிட்டு, அதற்கு மேலே லாபமுள்ள சாமானுக்கு மட்டும் போடுங்கள். சீட்டு எடுத்த காசோடு வருகிற அக்காமார்தான் எனக்கு நல்ல வாடிக்கை. எந்த மாதம் சீட்டு விழும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள், நான் சாமானை அந்த மாதத்துக்கு எடுத்து வைப்பேன்.

வெளிநாட்டுக் காசு தனி. ரொறன்ரோவில் மகன் வைபரில் விலை கேட்பார், ஊரில் அம்மா வந்து சாமானைத் தொட்டுப் பார்ப்பா, இரண்டு பேருக்கும் பிடிக்க வேண்டும். மகனுக்குப் பெரிசு பிடிக்கும், அம்மாவுக்குக் குனியாமல் திறக்கிற கீழ்த்தட்டுப் பிடிக்கும். பாவிக்கப் போவது அம்மா, அம்மாவுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். பூட்டி முடிந்ததும் பிறிட்ஜ் லைட் எரிகிற ஒரு வீடியோவும் பில் படமும் மகனுக்கு அனுப்புங்கள். அடுத்த மாதம் அவருடைய மச்சான் நோர்வேயில் இருந்து கேட்பார். நான் பத்திரிகையில் ஒரு விளம்பரமும் போட்டதில்லை.

எப்போது எது

மாசி முடியமுன் ஃபேன் கடைக்குள் இருக்க வேண்டும், பங்குனி வெக்கையில் ஓடர் போட்டால் சித்திரையில்தான் வரும். பொங்கலுக்கும் புதுவருடத்துக்கும் காஸ் அடுப்பும் ரைஸ் குக்கரும். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள், வோஷிங் மெஷின், ஏசி அப்போதுதான். ஆவணியில் கலியாணங்களும் குடிபுகுதலும். மார்கழியில் சும்மா இருக்கும், கணக்குப் பார்க்க நல்ல மாதம்.

கொண்டுபோய்ப் பூட்டும்போது

பிறிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். ஒழுங்கை திரும்பாது என்று சரித்துக் கொண்டுபோனால், இறக்கி வைத்து நாலைந்து மணித்தியாலம் விட்டுத்தான் கரண்ட் கொடுக்கலாம், கொம்பிரஸர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். வீட்டுக்காரர் அவசரப்படுவார், ஐஸ்கிறீம் வாங்கி வைத்திருப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். மெக்கானிக்கின் பையில் ஏர்த் பார்க்கிற ரெஸ்ரர், ரசமட்டம், இரண்டு மூன்று 13 அம்பியர் பிளக், தண்ணீர்க் குழாய்க்கு றப்பர் வளையம் இருக்கட்டும். பிளக் பொயின்றில் ஏர்த் இல்லையென்றால் பூட்டாமல், அதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள். வந்ததும் கடைக் கொப்பியில் பெயர், ஒழுங்கை, தொடர் இலக்கம், விற்ற திகதி, தொட்டி உயரம் ஐந்தையும் எழுதுங்கள். இரண்டு கிழமை கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, எப்படிப் போகுது என்று ஒரு போன் எடுங்கள், அநேகமாக ஃபிரீஸரில் ஐஸ் கூடப் பிடிக்குது என்பார்கள், குமிழை ஐந்தில் வைத்திருப்பார்கள், மூன்றுக்குக் குறைக்கச் சொல்லுங்கள்.